எட்டாவது மாப்பிள்ளையும் அறுந்த பெல்ட்டும்

“எஞ்சினை ஆஃப் பண்ணுப்பா!”

முன் சீட்டிலிருந்து சூசைரட்ணம் மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவர் கண் ரோட்டில் இல்லை... பெட்ரோல் முள்ளின் மேலேயே இருந்தது.

“முடியாதுங்கய்யா,” என்றான் டிரைவர். அதுவும் மூன்றாவது தடவை.

பின் சீட்டில் அவர் மகள் பவுலின் கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே... கினிகத்தேனை போய்ச் சேரும் வரைக்கும் இதே பாட்டுத்தானா?

எண்பதாம் ஆண்டில் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம், வாடகைக்கு ஹயர் கார் பேசினால் அதற்கு ஒரு முறை இருந்தது. டிரைவருக்கு ஓட்டுக்கூலி, பெட்ரோல் மட்டும் கார் பேசியவர் செலவு. அன்றைக்குப் பெட்ரோல் விற்ற விலையில் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதனால் இறக்கம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வண்டி தன்பாட்டில் உருண்டு போகும். இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கும்போது, ஓடுகிற ஓட்டத்திலேயே கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால், எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்குப் போகிற ரோட்டில் இறக்கத்துக்கா பஞ்சம்? மலைநாட்டில் மனுசனுக்குச் சும்மா கிடைப்பது மழையும் இறக்கமும்தான். அதைக்கூட அனுபவிக்க விடமாட்டேன் என்கிறானே இந்த டிரைவர் என்று சூசைரட்ணத்துக்கு எரிச்சல்.

அவர் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லி ஒருவன் முடியாது என்பதா!

“எல்லா டிரைவரும் செய்றது தானப்பா?”

“அவங்க வண்டியெல்லாம் இங்கிலீசு வண்டிங்கய்யா. உள்ள இரும்புச் சங்கிலி ஓடுது. என்ன இழுப்பு இழுத்தாலும் தாங்கும். இது இத்தாலி வண்டி. சங்கிலிக்குப் பதிலா ரப்பர் பெல்ட்டு. டைமிங் பெல்ட்டுன்னு சொல்லுவாங்க. உருட்டி ஸ்டார்ட் பண்ணினா அதுக்கு ஆகாது.”

“ரப்பராம், பெல்ட்டாம்... பெட்ரோல் என் காசுங்கிறதுனால பேசுற!”

பவுலினுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. காலையில் ஐந்து மணிக்கே எழுந்து தலை குளித்து, அம்மாவின் நீலப் பட்டுச் சேலையைக் கட்டி, பவுடர் பூசி... எதற்கு? கினிகத்தேனையில் அப்பாவின் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாப்பிள்ளை காத்திருக்கிறார். அரசாங்கக் கந்தோரில் கிளார்க். மனைவியை இழந்தவர். பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் சொந்த ஊரான டிக்கோயா முழுக்கக் கதை கட்டும் என்று, இப்போதெல்லாம் அப்பா அவளைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். இவர் எட்டாவது ஆள். ஏழு பேர் பார்த்தாயிற்று. ஏழு பேரும் ‘எழுதிப் போடுறோம்’ என்றார்கள். ஒருத்தரும் எழுதவில்லை.

முப்பத்தொரு வயது. பிள்ளைகள் எழுபது பேர் ஒரே அறையில் உட்காரும் தோட்டப் பள்ளிக்கூடம். வாரம் ஐந்து நாள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், ஆறாவது நாள் பட்டுச் சேலை கட்டி இப்படி ஒரு பயணம். அவளுக்கு அழுகைகூட வருவதில்லை. அலுப்புத்தான் வருகிறது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு...

இந்த டிரைவரை அவள் இன்றுதான் பார்க்கிறாள். வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல் என்று இவன் வந்தான். பெயர் லியனார்ட். முப்பத்தைந்து இருக்கலாம். சவரம் செய்த முகம், தூக்கம் போதாத கண்கள். காலையில் அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் செய்த முதல் காரியம்தான் அவளுக்கு விநோதமாக இருந்தது. உள்ளே இருந்த கண்ணாடியைக் கையால் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தான். அதில் இப்போது அவள் முகம் தெரியாது. ஆம்பிளைகள் எல்லாம் தன்னைப் பார்ப்பதற்கென்றே வருகிற காலத்தில், பார்க்காமல் இருப்பதற்காக ஒருத்தன் கண்ணாடியைத் திருப்புகிறான்! அவள் அன்று இரண்டாவது தடவை அவனை நிமிர்ந்து பார்த்தது அதற்காகத்தான்.

“ஆஃப் பண்ணப் போறியா, இல்லையா?” அப்பா குரலை உயர்த்தினார்.

அவ்வளவுதான். பவுலினுக்குப் பொறுக்கவில்லை. ‘அண்ணே’ என்று கூப்பிட வாயெடுத்தாள். என்னவோ, அந்தச் சொல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது அவள் யோசிக்கவும் இல்லை.

“இங்க பாருங்க... ஆஃப் பண்ணிருங்களேன். எனக்குத் தலை வலிக்குது. கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருக்கட்டும்...”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வளைவை ஒடித்துத் திருப்பினான். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் அடங்கியது.

அப்பப்பா... என்ன அமைதி! மழை மட்டும் கூரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இருபுறமும் தேயிலை நனைந்து கரும்பச்சையாக நின்றது. வண்டி வளைவு வளைவாக நழுவி இறங்கியது. அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். பவுலின் தலையைக் கதவில் சாய்த்தாள். இந்த இறக்கம் முடியவே கூடாது... கினிகத்தேனை என்று ஓர் ஊரே இருக்கக் கூடாது... இப்படியே போய்க்கொண்டே இருந்தால் எவ்வளவு நல்லது!

இறக்கம் வட்டவளைக்குப் பக்கத்தில் முடிந்தது. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் லியனார்ட் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. பொனட்டுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

“போச்சு,” என்றான் லியனார்ட். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான்.

*

நல்ல வேளை, பக்கத்திலேயே வேலாயி என்கிற அம்மாளின் தேத்தண்ணிக் கடை இருந்தது. சூசைரட்ணம் ரோட்டிலேயே நின்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார். தகர டப்பா என்றார். டீச்சர் மகளுக்கு வந்த சம்பந்தம் கெட்டது என்றார். சகுனம் என்றார். ராகுகாலம் என்றுகூடச் சொன்னார். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கத்தோலிக்கர், கோபம் வந்தால் ராகுகாலமும் பார்ப்பார். கடைசியில், “வேலாயி, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்க. தபால் கந்தோருக்குப் போய் அவங்களுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்துச் சொல்லிட்டு வந்திடுறேன்,” என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

பவுலின் கடை வாசலில் நின்றாள். எதிரே, கொட்டுகிற மழையில், லியனார்ட் பொனட்டுக்குள் தலையை விட்டபடி நனைந்துகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம்தான் சும்மா பார்ப்பது? வேலாயியிடம் பால் விடாத பிளேன்டீ ஒன்று வாங்கினாள். கடைக் குடையையும் இரவல் வாங்கினாள். ரோட்டைக் கடந்து போனாள்.

“தேத்தண்ணி குடிங்க.”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் பொனட்டில் தலை இடித்தது. “ஐயோ... நீங்க ஏன் டீச்சர் வந்தீங்க? பட்டுச் சேலை நனையுது!”

“நனையட்டும். இன்னைக்கு இதை யாரு பார்க்கப் போறாங்க?”

சொன்ன பிறகுதான் அதில் இருந்த சந்தோசம் அவளுக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். இமையில் மழைத் துளி நின்றது. தூக்கமில்லாத அந்தக் கண்களுக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒளிந்துகொண்டது. பவுலின் குடையோடு ஓர் அடி கிட்டே நகர்ந்தாள்... மழைக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நம்புகிறவர்கள் நம்புங்கள்!

அவன் உள்ளேயிருந்து ஒரு கறுப்பு ரப்பர் பட்டியை இழுத்தெடுத்துக் காட்டினான். “பாருங்க. உள்பக்கம் பல்லு வரிசையா இருக்கணும். இப்ப எங்க தோட்டத்துக் கிழட்டுக் கங்காணி சிரிச்ச மாதிரி இருக்கு.”

பவுலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

“புது பெல்ட்டு வாங்கிப் போட்டா சரியாகிருமா?”

“பெல்ட்டு மட்டும்னா பரவாயில்லையே. அது அறுந்தா உள்ள இருக்கிற வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிரும். அந்தச் சத்தம்தான் கேட்டுச்சு. எஞ்சினைக் கழட்டணும். பெல்ட்டு, வால்வு எல்லாம் கொழும்புல, பஞ்சிகாவத்தையில போய்த் தேடணும். இந்த வண்டிக்கு யாரு சாமான் வெச்சிருக்காங்க? கூலியோட ரெண்டாயிரத்தைந்நூறு வரும்.”

அவளுடைய நாலு மாதச் சம்பளம். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“இந்தப் பெல்ட்டை ஒரு வருஷத்துக்கு முந்தியே மாத்தியிருக்கணும் டீச்சர். நல்லாத்தான ஓடுதுன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். அப்ப மாத்தியிருந்தா பெல்ட்டு காசோட போயிருக்கும். காசு இல்லாதவன் தள்ளிப் போடத்தான் செய்வான். தள்ளிப் போட்டா ஆறு மடங்கு கட்டத்தான் செய்வான்.” தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். “தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்ப எங்க தொரை சீமைக்குப் போயிட்டாரு. நான் அவரு டிரைவர். எனக்குத் தர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலா இந்தச் சாவியைக் கையில குடுத்தாரு. அன்னையில இருந்து நான் வண்டியை இழுக்கிறேனா, வண்டி என்னை இழுக்குதான்னே தெரியல.”

“இப்ப என்ன செய்வீங்க?”

“என்ன செய்ய? துபாய்க்கு டிரைவர் எடுக்கிறாங்க. ஒரு ஏஜென்ட் ரெண்டு மாசமா வா வான்னு நிக்கிறான். வண்டியைப் பழைய இரும்புக்குக் குடுத்துட்டுப் போயிர வேண்டியதுதான்.” காலி கிளாஸை அவளிடம் நீட்டினான். “என்னால உங்க கலியாணக் காரியமும் கெட்டுப் போச்சு. அதுதான் எனக்கு மனசு கேக்கல. மன்னிச்சுக்கங்க டீச்சர்.”

தன் பிழைப்பே போய் நிற்கும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். “ஆஃப் பண்ணச் சொன்னது நான்தானே...” என்று தொடங்கினாள். அதற்குள் சூசைரட்ணம் வந்துவிட்டார்.

“அவங்க நல்ல மனுசங்க. இன்னொரு நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க,” என்றார் மகளிடம். அப்புறம் டிரைவர் பக்கம் திரும்பினார். “இந்தா பாருப்பா, பாதி வழியில விட்டதுக்கு ஹயர் தர முடியாது. ரிப்பேரைப் பத்தியும் என்கிட்ட பேசாதே. உன் வண்டி, உன் பாடு.”

“அப்பா! நம்ம சொல்லித்தானே அவரு...”

லியனார்ட் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். வேண்டாம் என்று. “சரிங்கய்யா. டீச்சரைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போயிருங்க. மழை இன்னும் கூடும்,” என்றான்.

பஸ் கிளம்பும்போது பவுலின் திரும்பிப் பார்த்தாள். செத்துப்போன வண்டிக்குப் பக்கத்தில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். பார்வையிலிருந்து மறையும் வரை அவள் கழுத்தைத் திருப்பவே இல்லை.

*

அடுத்த வாரம் முழுக்க பவுலினுக்குப் பள்ளிக்கூடத்தில் மனசு ஓடவில்லை. கரும்பலகையில் வாய்பாடு எழுதினால் கை பாதியில் நின்றது. இது என்ன கூத்து? ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பேசிய மனிதன்... கங்காணிப் பல்லைப் பற்றிப் பேசிய மனிதன்! அவனை நினைத்து இந்த வயசில் நெஞ்சு படபடக்குமா?

படபடத்தது. என்ன செய்ய!

சம்பள நாளன்று ஹட்டனுக்குப் போய் விசாரித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் அந்த வண்டி நாலு கட்டைகளின் மேல் நின்றது. பொனட் திறந்து கிடந்தது. லியனார்ட் பக்கத்தில் உட்கார்ந்து வளைந்த வால்வு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓட்டுகிற வேலை இல்லாததால் கராஜிலேயே கூலிக்கு நிற்கிறானாம். அவளைக் கண்டதும் எழுந்து, எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“டீச்சர்... நீங்க எங்க இங்க?”

அவள் கைப்பையிலிருந்து ஓர் என்வலப்பை எடுத்து நீட்டினாள். “இது என் சீட்டுக் காசு. முழுசுக்கும் காணாது. பெல்ட்டுக்காவது ஆகும்.”

அவன் முகம் மாறிவிட்டது. “வேணாங்க.”

“ஏன்?”

“பொம்பளைப் பிள்ளை தொண்டை கிழியக் கத்திச் சம்பாதிச்ச காசு. அதுல வண்டி ஓட்டணுமா நான்? வெச்சுக்கங்க. உங்க கலியாணத்துக்கு ஆகும்.”

கலியாணம்! அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. “இது பிச்சை இல்ல. நான் சொல்லித்தானே நீங்க ஆஃப் பண்ணீங்க?”

“சொன்னது நீங்க. சாவியைத் திருப்பினது என் கை. பிழை கையோடது.”

“அதைத்தான் கேக்குறேன். எங்க அப்பா மூணு தரம் சொன்னாரு. ஆகாதுன்னு தெரிஞ்ச மனுசன், மூணு தரமும் முடியாதுன்னீங்க. நான் ஒரு தரம் சொன்னதும் ஏன் திருப்பினீங்க?”

லியனார்ட்டின் காது நுனி சிவந்தது. அவன் மறுபடி குந்தி உட்கார்ந்து, சுத்தமாக இருந்த வால்வையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.

“சொல்ல மாட்டீங்களா?”

“கார்த்திகைக்குள்ள துபாய்க்குப் போயிருவேன் டீச்சர். இதெல்லாம் எதுக்கு இப்ப?”

“போங்க! நல்லாப் போங்க! ஒட்டகம் ஓட்டுங்க!”

விறுவிறுவென்று வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை கோபம் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கோபம் போய்க் கண்ணீர் வந்தது. நல்ல வேளை, தூறல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும் மழை என்று சொல்லிவிடலாம்.

*

அன்று சாயங்காலம் சூசைரட்ணம் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பவுலின் போய் ரேடியோவை நிறுத்தினாள். வாழ்நாளில் அப்படி ஒரு காரியம் அவள் செய்ததில்லை.

“அப்பா, தோட்டத்துல எத்தனை வருஷம் பேர் போட்டீங்க?”

“முப்பத்தாறு வருஷம். என்ன இப்ப?”

“ஆள் மேல பிழை இல்லாம யாருக்காவது அரைப் பேர் போட்டிருக்கீங்களா?”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளின் ஒரு நாள் சம்பளத்தை ஏட்டில் பதிவது பேர் போடுவது; ஒரு நாள் முழுக்க வேலை செய்தவனுக்குப் பாதிச் சம்பளம் மட்டும் எழுதுவதற்குப் பெயர்தான் அரைப் பேர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் கிடையாது. “மாதா சத்தியமா இல்ல! தொரை போடச் சொல்லியே நான் போட்டதில்ல. உனக்குத் தெரியாதா?”

“அந்த டிரைவருக்கு அரைப் பேர் கூடப் போடலியேப்பா... பேரே போடாம விட்டுட்டு வந்துட்டீங்களே. ஆஃப் பண்ணச் சொன்னது நீங்க. அடுத்தாப்ல சொன்னது நான். அவரு முடியாதுன்னுதான் சொன்னாரு. இப்ப அவரு வண்டி கட்டை மேல நிக்குது.”

சூசைரட்ணம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மறுநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குக் கிளம்பினார். அவர் எப்போது திரும்பி வருவார் என்று பவுலின் வாசலிலேயே நின்றாள்.

வந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

“சும்மா குடுத்தா வாங்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆள் சாதியை எனக்கா தெரியாது? ரிப்பேர்ல பாதிக் காசைக் குடுத்து, இது ஹயருக்கு முன்பணம்னேன். ஓட்டிக் கழிச்சுக்கடான்னேன். துபாய்க்கு ஏஜென்ட் கூப்பிடுறான்னான், முதல்ல இதைக் கழின்னேன். மீதியைக் கராஜ்காரன் கூலியில பிடிச்சுக்குவான். பெல்ட்டுக்கு இன்னைக்கே கொழும்புக்கு ஆள் போகுது.”

பவுலினுக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் அவர் அடுத்ததைச் சொன்னார்.

“வண்டி சரியானதும் முதல் ஹயர் நம்மளுதுதான். கினிகத்தேனைக்கு. அவங்களுக்கும் சொல்லியாச்சு.”

“அவரு... டிரைவர்... சரின்னாரா?”

“சரின்னுதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னான். ஏன்?”

ஏன் என்று அவள் எப்படிச் சொல்வாள்? கணக்கப்பிள்ளை மகள் லயத்தில் பிறந்த டிரைவரை நினைக்கிறாள் என்று இந்த வீட்டில் எந்த வாய் சொல்லும்? அவனாவது ஒரு வார்த்தை சொன்னானா? கேட்டபோது வால்வைத் துடைத்தான். தானே வாயைத் திறந்து நியாயம் பேசி, தானே அந்த வண்டிக்கு உயிர் கொடுத்து, அதே வண்டியில் அவன் கையாலேயே எட்டாவது மாப்பிள்ளையிடம் போய் இறங்கப் போகிறாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. அதே நீலப் பட்டு. அதே மழை.

புது பெல்ட் போட்ட எஞ்சின் சுகமாகப் பாடியது. லியனார்ட் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். “கும்புடுறேங்கய்யா” என்றதோடு சரி. ஹட்டன் தாண்டியது. இறக்கம் வந்தது. சூசைரட்ணம் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் கினிகத்தேனை கிட்டே வந்துகொண்டிருந்தது. பவுலின் மடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள். சொல்லு... யாராவது ஏதாவது சொல்லுங்களேன்... நெஞ்சுக்குள் வார்த்தை வந்து வந்து திரும்பிப் போனது.

வட்டவளைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. வண்டி மெதுவானது. ரோட்டோரம் ஒதுங்கியது. நின்றது.

“என்னப்பா? மறுபடியுமா!” சூசைரட்ணம் பதறினார். “வண்டிக்கு என்ன?”

“வண்டிக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. நல்லா ஓடுது.” லியனார்ட்டின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. “எனக்குத்தான் ஓட்ட முடியல.”

“என்னடா சொல்ற?”

“டீச்சரை இன்னொருத்தர்கிட்ட காட்டறதுக்குக் கொண்டு போறேன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது முடியும்னுதான் நினைச்சேன். காலையில இருந்து ஒவ்வொரு மைல் கட்டையாத் தாண்டுறேன்... முடியலீங்கய்யா. உங்க காசை எப்பாடு பட்டாவது திருப்பிக் குடுத்திருவேன். வேற ஹயர் எது சொன்னாலும் ஓட்டுறேன், இதை மட்டும் என்கிட்ட குடுக்காதீங்க. நான் லயத்து ஆளு. உங்க மகளைக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா மனசுல இருக்கிறதை மறைச்சுக்கிட்டு உங்க முன்னாடி ஸ்டியரிங் பிடிக்கவும் முடியல.”

சூசைரட்ணத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. கத்தப் போகிறார்... கையை ஓங்கப் போகிறார்... பவுலின் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“அப்பா... எனக்கும் முடியலப்பா. ஏழு பேர் முன்னாடி உட்கார்ந்து எழுந்தாச்சு. நிறம் பார்த்தாங்க, வயசு கேட்டாங்க, சம்பளம் கேட்டாங்க. மனுசியாட்டம் ஒருத்தரும் என்கிட்ட பேசலப்பா. இவரு பேசினாரு. எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு.”

பெரியவர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். நீலப் பட்டுக்கு மேலே அந்த முகம்... கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதட்டில் பல் பதிந்த தடம். மகள் இவ்வளவு களைத்துப் போயிருக்கிறாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலும். ஓங்கிய கோபம் எங்கேயோ இறங்கிவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். குடையை விரித்தார். கொழும்புப் பக்கம் போகிற பஸ் ஒன்று மேலேயிருந்து வளைந்து வளைந்து இறங்கி வந்தது. அதைக் கை காட்டி நிறுத்தினார்.

“அப்பா, எங்கப்பா போறீங்க?”

“கினிகத்தேனைக்குத்தான். அவங்க சோறாக்கி வெச்சுக் காத்திருப்பாங்க. மரியாதையா நேர்ல போய்ச் சொல்லிட்டு வரணும்ல?” தொண்டையைச் செருமினார். “ஏழு தரம் அவனவன் வேணாம்னு சொல்லி நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தேன். இந்தத் தடவை வேணாம்னு சொல்றது நம்ம.”

பஸ்ஸில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். “டேய், அவளைப் பத்திரமாக் கொண்டு போய் வீட்டுல விடு. அந்த ஏஜென்ட்கிட்டயும் வரலைன்னு சொல்லிரு!”

பஸ் போய்விட்டது. அதன் புகையும் மழையில் கரைந்துவிட்டது.

லியனார்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறானா, அழுகிறானா... அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தது.

“நெசமாத்தானா டீச்சர்? எனக்காகவா சொன்னீங்க?”

“அந்தத் தேத்தண்ணியை உங்க கையில குடுத்ததுல இருந்து உங்க நெனைப்புத்தான். பிள்ளைங்களுக்கு வாய்பாடு கூடத் தப்பாச் சொல்லிக் குடுக்கிறேன். போதுமா?”

அவன் இப்போது திரும்பினான். முழுசாகத் திரும்பி, ஆசை தீர அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்யவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை. அழுது வீங்கிய கண்ணோடு அப்படியே இருந்தாள். யாருக்கும் எதையும் காட்ட வேண்டிய வேலை அவளுக்கு இனி இல்லை.

“எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு லியனார்ட்...” என்றாள். “வாங்க, வீட்டுக்குப் போவோம்.”